ராயபுரத்தில் சிங்கப்பூராக்கா கடை

கப்பலை விட்டு இறங்கிய மூன்றாவது நிமிஷத்தில் சென்னைப் பட்டணம் என்னைக் 'கஸ்மாலம்' என்று வரவேற்றது. வரவேற்றவர் ஒரு கைவண்டிக்காரர். வண்டி நிறையத் தோல் கட்டுகள். நான் நடுவழியில் நின்று வாயைப் பிளந்துகொண்டு கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தே கஸ்மாலம்! நட்ட நடுவுல நின்னுகினு இன்னா வேடிக்க? வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?"

வேறு யார் திட்டியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

காரணம் இருக்கிறது. இந்தப் பேச்சை நான் பிறந்த நாளிலிருந்து ஒரே ஒரு வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். அது என் அம்மாவின் வாய். சிங்கப்பூரில் எங்கள் தெருவில் தஞ்சாவூர்த் தமிழ் உண்டு, ராமநாதபுரத் தமிழ் உண்டு, யாழ்ப்பாணத் தமிழ் உண்டு. அம்மா ஒருத்திதான் 'இன்னாடா', 'குந்து', 'ஜல்தியா வா'. காலேஜ் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தால் அம்மாவைச் சமையலறையிலேயே இருக்கச் சொல்லிவிடுவேன். அவ்வளவு வெட்கம். இங்கே பார்த்தால் துறைமுகம் முழுக்க அம்மா பேசுகிறாள்! கூலிக்காரர் பேசுகிறார், சுங்கச் சாவடிக் குமாஸ்தா பேசுகிறார், சோடா விற்கிறவர் பேசுகிறார். ஓர் ஊரே கூடி என் வெட்கத்தைக் கேலி பண்ணுவது மாதிரி இருந்தது.

எந்தக் கப்பல், எப்படி இடம் கிடைத்தது, எத்தனை நாள் வாந்தி என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். வாந்தி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். எனக்கு ஐந்து நாள் அவகாசம், ஒரே ஒரு வேலை. சித்தியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சித்தி பெயர் தேசம்மா. அம்மாவுக்கு ஒரே தங்கை. அம்மா கல்யாணமாகி ராயபுரத்திலிருந்து கப்பலேறியபோது சித்திக்குப் பதினாறு வயது. "ஆறு மாசத்துல ஒன்னயும் இட்டுகினு போறேன்" என்று அம்மா சொல்லிவிட்டு வந்தாள். ஆறு மாசம் ஆறு வருஷமாயிற்று. நான் பிறந்தேன். கடிதங்கள் மட்டும் போய் வந்தன. பிறகு ஜப்பான்காரன் வந்தான். அப்பாவை சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. யுத்தம் முடிந்ததும் அம்மா சித்திக்கு எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அப்படியொரு ஆள் அந்த விலாசத்தில் இல்லையாம்.

நான் கிளம்பும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இருக்காளா இல்லியா, அத்த மட்டும் தெரிஞ்சிகினு வா. வேற ஒண்ணியும் வேணாம்."

ராயபுரத்தில் கயிற்றுக் கடை ஒன்றின் மாடியில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. கடைக்காரரின் தம்பி காதர். முப்பது வயது, துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவர், தலையில் அரைப் படி எண்ணெய். பத்தே நிமிஷத்தில் என்னைத் தோஸ்து ஆக்கிக்கொண்டார். அவர் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முதலில் 'சிங்கப்பூரு', பாசம் வந்தால் 'மாமு'.

முதல் நாள் மத்தியானமே இருவரும் அம்மா கொடுத்த விலாசத்துக்குப் போனோம். வீடு இருந்தது. உள்ளே வெங்காயம் இருந்தது. கூரை வரைக்கும் மூட்டை மூட்டையாக வெங்காயம். எதிரில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

"தேசம்மாவா? தெர்லியேபா. குண்டு போடப் போறான்னு யுத்தத்துல இந்தப் பேட்டையே காலி. பாதிப் பேரு பொன்னேரி பக்கம் ஓடிகினான். திரும்பி வந்தவன் எவனும் இருந்த எடத்துல இல்ல. நானே அப்போ மாதவரத்துல இருந்தவன்."

வெங்காய வாசனையில் கண் எரிந்தது. வெங்காயம்தான்.

"வுடு மாமு," என்றார் காதர். "வவுத்துக்கு எதுனா போட்டுகினு அப்பாலிக்கா தேடலாம்."

ராயபுரத்துச் சாயங்காலக் கடைத்தெருவைப் பற்றி நிஜமாகவே சொல்ல வேண்டும். ரயில் ஸ்டேஷனைத் தாண்டிக் கடலைப் பார்த்துப் போகிற தெரு. விளக்கு வைத்ததும் இரண்டு பக்கமும் கார்பைடு விளக்குகள் சீறிக்கொண்டு எரியும். ஒரு பக்கம் நெத்திலி வறுவல், ஒரு பக்கம் சுறாப் புட்டு, இறால் வடை, பாயாவும் ஆப்பமும், இலையில் கட்டிய குஸ்கா. மில் விட்டு வருகிறவர்கள், வலை உலர்த்திவிட்டு வருகிறவர்கள், ரயில்வே ஆட்கள், எல்லாரும் நின்றுகொண்டே தின்கிறார்கள். சிங்கப்பூரில் சீனத்துக் கடைக்காரர் முக்காலி போடுவார். இங்கே முக்காலி கிடையாது, ஆனால் தின்னும்போது பக்கத்தில் நிற்பவர் உங்கள் குடும்ப விவகாரம் முழுவதையும் விசாரித்துவிடுவார். எது மரியாதை என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

நெத்திலி தின்றேன். அம்மாவின் கை மசாலா! அதே மிளகு, அதே பூண்டு, அதே கடைசி நிமிஷக் கறிவேப்பிலை. இத்தனை வருஷமாக அது அம்மாவின் சொந்தச் சரக்கு என்று நினைத்திருந்தேன். தெருவில் கூவி விற்கிறார்கள்.

எங்கள் வீட்டுச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. எங்களுடையது மாடி வீடு. இருட்டத் தொடங்கியதும் கீழே தெருவில் டொக் டொக் என்று மூங்கிலைத் தட்டிக்கொண்டு மீ விற்கிறவர் வருவார். மீ என்றால் முறுக்கு மாதிரித் தடித்த சீனத்துச் சேமியா என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஜன்னல் சீனத்து அம்மாள் கூடையைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். ஆவி பறக்கிற கிண்ணம் மேலே ஏறும். எங்கள் ஜன்னலிலிருந்து மட்டும் ஒரு நாளும் கூடை இறங்கியதில்லை. அப்பா இருந்தவரை கடைத் தீனி என்றாலே கத்துவார். அப்புறம் கடைத் தீனிக்கு வழியே இல்லை. 'அதுல பன்னி போட்றான்டா' என்பாள் அம்மா. சொல்லிக்கொண்டே ஜன்னலில் உட்கார்ந்து கடைசி கிண்ணம் ஏறும்வரை பார்ப்பாள்.

"மாமு, இன்னா கப்பல் ஏறிட்டியா?" காதர் என்னை உலுக்கினார். "வா, ஒனக்கு ஏத்த கட ஒண்ணு கீது. சிங்கப்பூராக்கா கட. சிங்கப்பூரு மீயி போட்றாங்க. ராயபுரத்துலயே ஷோக்கான அயிட்டம்."

"பாய், நான் இத்தனை கடல் தாண்டி வந்தது சிங்கப்பூரைத் தின்னவா? அதை அங்கேயே தின்றுகொள்கிறேன்."

"அதுவும் நாயம்தான்," என்று அவர் இரண்டாவது குஸ்காவைப் பிரித்தார்.

இரண்டாம் நாள் காதருக்கு வேலை இல்லை. ஊர் பார்க்கக் கிளம்பினோம். 'உயிர் காலேஜ், செத்த காலேஜ் ரெண்டுத்தயும் பாக்காம பட்டணத்த வுட்டுப் போனா கப்பல்ல ஏத்த மாட்டான்' என்று பயமுறுத்தினார். உயிர் காலேஜ் என்பது மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மிருகக்காட்சி சாலை. செத்த காலேஜ் எழும்பூர் மியூசியம். இரண்டாயிரம் மைல் தள்ளி ஒரு காலேஜில் இரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் எனக்கு இந்தப் பெயர்கள் மிகவும் பிடித்தன. நான் படிப்பது எந்த வகை என்று யோசித்துக்கொண்டே டிராமில் ஏறினேன்.

பாதி வழியில் டிராமின் தலைக்கம்பி மேல் கம்பியிலிருந்து நழுவிற்று. வண்டி பெருமூச்சு விட்டுவிட்டு நின்றது. யாரும் பதறவில்லை. ஒருவர் இறங்கி வெற்றிலை வாங்கினார். கண்டக்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து தூண்டில் போடுகிறவர் மாதிரி கம்பியைத் தேட ஆரம்பித்தார். பயணிகள் எல்லாரும் தலைக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

"ரைட்ல இயு நைனா! இன்னும் ரைட்ல!"

"அது ரைட்டாடா? ஒங்கொப்பன் ரைட்டு!"

"ராத்திரிக்கி ஒய்ங்கா துன்னியா இல்லியா வாத்யாரே, கயித்த இஸ்துகினு நிக்கற?"

கம்பி மாட்டியதும் கைதட்டினார்கள். எங்கள் ஊரில் டிராலி பஸ் நின்றால் எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அன்றைக்கு நானும் கைதட்டினேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்த கண்டக்டர் என் சட்டையைப் பார்த்து எந்த ஊர் என்றார். சொன்னேன்.

"சிங்கப்பூரா! அப்போ ராயபுரத்துல சிங்கப்பூராக்கா கடைக்குப் போனியா?"

காதர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிங்கப்பூர்க்காரன் என்றால் சிங்கப்பூர்த் தீனிதான் தின்ன வேண்டுமா? என்ன நியாயம் இது?

உயிர் காலேஜில் ஒரு கிழச் சிங்கம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. எத்தனை கூப்பிட்டும் திரும்பவில்லை. செத்த காலேஜில் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. வழியெல்லாம், கடைவாசல்களில், டிராமில், நாற்பது வயது மதிக்கக்கூடிய எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அம்மாவின் மூக்கு இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். ஒருத்தி செருப்பைக் கழற்றக் குனிந்தாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நான் மட்டும் வடக்கே போனேன். யுத்தத்தில் ஓடியவர்களில் பலர் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தங்கிவிட்டதாகத் தையல்காரர் சொல்லியனுப்பியிருந்தார். பஸ் எர்ணாவூர் தாண்டுவதற்குள் ஆவி கக்கிவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடிப் போனார், பிறகு டிரைவரைத் தேடிக் கண்டக்டர் போனார். நான் நடந்தேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் நான். உப்பளச் சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்தேன். மற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணூர்க் கழிமுகம் போய்ச் சேர்ந்தேன்.

கரையில் பெண்கள் கும்பலாக உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார்கள். தேசம்மா என்று ஆரம்பித்தேன். மூன்று பேர் தலை தூக்கினார்கள். மூன்று பேரும் தேசம்மா! ஒருத்திக்கு வயது பதினெட்டு. ஒருத்திக்கு எழுபது. மூன்றாவது ஆளுக்கு வயது சரியாக இருந்தது. அக்கா பெயர் என்ன என்று கேட்டேன். அவளுக்கு அக்காவே கிடையாதாம், ஒன்பது அண்ணன்களாம்.

எழுபது வயதுத் தேசம்மா சிப்பி வெட்டும் கத்தியை என் பக்கம் நீட்டினாள். "அய்ய, காலேஜு படிச்ச புள்ளங்கற, பேர சொல்லிகினு ஆளத் தேடறியே. இந்தக் கரையில குப்பம் குப்பமா தேசம்மாவும் எல்லம்மாவும்தான். எங்கள எவன் பேரு சொல்லிக் கூப்புடறான்? என்னிய 'குள்ளச்சி'ன்னு கேளு, ராயபுரம் வரிக்கும் தெரியும். ஒன் சித்திக்குப் பட்டப்பேரு இன்னா?"

"தெரியாதே."

"அப்போ போ. கடல்ல தண்ணியத் தேடற மாதிரிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உடைத்த சிப்பியில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து ஒவ்வொருத்தியும் ஒன்று கொடுத்தாள். கடலையே விழுங்குவது மாதிரி இருந்தது. அம்மாவுக்குச் சித்தி வெறும் தேசம்மாதான். ஊர் வேறு பெயர் வைத்திருந்தால் அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் இங்கே இல்லையே.

அன்று அறைக்குத் திரும்பியதும் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அம்மா, விசாரித்தேன்' என்பதற்கு மேல் ஓடவில்லை. கிழித்துப் போட்டேன்.

நான்காம் நாள் வண்ணாரப்பேட்டை, யானைக்கவுனி, காசிமேடு என்று கால் தேய்ந்தது. மறுநாள் மத்தியானம் கப்பல். சாயங்காலம் ஒரு துணிக் கடை வாசலில் நான் உட்கார்ந்திருந்த நிலையைப் பார்த்துக் காதருக்கே பேஜாராகிவிட்டது.

"எந்திரி மாமு. இன்னிக்கி நான் சொல்ற கடையிலதான் துன்ற. ஒங்க ஊரு அயிட்டம் துன்னா ஒனக்கு தில்லு வரும்."

மறுக்கத் தெம்பில்லை. போனேன்.

கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ஒரு பெரிய இரும்புக் கல், ஒரு பெட்ரோமாக்ஸ். சுற்றிலும் இருபது முப்பது பேர். நடுவில் இடுப்பில் சேலையை இறுகச் செருகிக்கொண்டு ஒரு பெண். அவள் கை நிற்கவே இல்லை. ஒரு பக்கம் நாழியில் இடியாப்பம் பிழிகிறாள், வெந்ததை உதறிக் கல்லில் போடுகிறாள், வெங்காயம், பச்சை மிளகாய், பொடி இறால், ஒரு முட்டை, அப்புறம் ஒரு கரண்டி புளித்தண்ணீரில் வெல்லம் கரைத்த எதுவோ. சர்ரென்று புகை. மந்தாரை இலையில் கொட்டி நீட்டுகிறாள்.

"ரெண்டு மீயி ஆக்கா!" என்றார் காதர். "இன்னிக்கி காலேஜு படிக்கற மெய்யான சிங்கப்பூர்க்காரர இட்டாந்துகீறேன், பாத்துப் போடு."

அவள் நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்தாள். வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "துன்னுட்டு சொல்லுபா, அங்க மாதிரியே கீதான்னு," என்றாள். சுற்றி நின்றவர்கள் என் வாயைப் பார்த்தார்கள்.

நான்கு நாள் அலைச்சல், ஒற்றைச் செருப்பு, வெங்காயக் கிடங்கு, ஒன்பது அண்ணன்கள் எல்லாம் சேர்ந்து என் நாக்கில் வந்து உட்கார்ந்தன. ஒரு வாய் வைத்தேன். சொன்னேன்.

"இது சிங்கப்பூரும் இல்லை, மீயும் இல்லை. இடியாப்பத்தைப் புளியில் போட்டுப் பிரட்டியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் இப்படி ஒரு பண்டமே கிடையாது. நீங்கள் அந்த ஊரைப் பார்த்ததாவது உண்டா?"

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "இன்னா ஆக்கா, இத்தினி நாளா டபாய்ச்சிகினு இருந்தியா?" இன்னொருவன், "சிங்கப்பூராக்கா சூளுருப்பேட்டைகூட தாண்டல போல!" என்றான். கும்பல் முழுக்கச் சிரித்தது. காதர் என் முழங்கையை இறுகப் பிடித்தார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆமா, பாத்ததில்ல. நான் எந்தக் கப்பல்ல ஏறினேன்? ஆனா எங்கக்கா அங்க கீது. அது எயுதுனத வெச்சிதான் நான் போட்றேன். நீ காலேஜு படிச்சிட்டா எங்கக்கா எயுதுனது பொய்யாயிடுமா? சாயங்காலமானா ஜன்னலாண்ட குந்திகினு இருப்பாளாம். கீய ஒருத்தன் மூங்கில டொக்கு டொக்குன்னு தட்டிகினு வருவானாம். கூடைய கயித்துல வுட்டா சூடா மேல வருமாம். இடியாப்பம் மாதிரியே இருக்குமாம், எறாவும் முட்டையும் போட்டு, புளிப்பும் தித்திப்பும் கலந்து. தெனிக்கும் அத்த துன்னுகினு என்னிய நெனச்சிக்குமாம். இதெல்லாம் இல்லன்றியா நீ?"

இலை என் கையில் சூடாக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது எங்கள் ஜன்னல். இறங்கவே இறங்காத எங்கள் கூடை.

"உங்கள் அக்கா பெயர் பாக்கியமா?" என்றேன்.

அவள் பெட்ரோமாக்ஸைக் கையில் எடுத்து என் முகத்துக்கு நேரே தூக்கினாள். வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசியது. அவள் மூக்கு மட்டும் தெரிந்தது. அம்மாவின் மூக்கு.

"சம்முகமா?" என்றாள். "பாக்கியத்தோட புள்ள சம்முகமா நீ?"

என்னைச் சண்முகம் என்று காலேஜில் கூப்பிடுவார்கள். சம்முகம் என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

காதர் தலையில் அடித்துக்கொண்டார். "தேசம்மான்னு நாலு நாளா கேட்டுகினு கீறான். ஆக்காவுக்கு அப்டி ஒரு பேரு கீறதே எனுக்குத் தெரியாது. ஆக்கா, நீ சிங்கப்பூர்லேந்து வந்தவளுன்னுல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

"அப்டியே நெனைக்கட்டும்னுதான் வுட்டேன்," என்றாள் சித்தி. "ஓடுனப்போ அட்ரஸு பேப்பரு போச்சி. எனுக்குப் படிப்பா கீது, நெனப்புல வெச்சிக்க? சிங்கப்பூருன்னு பேரு இருந்தா ஹார்பர்லேந்து வர்றவன் எவனாச்சும் தேடிகினு வருவான்னு நெனச்சேன். எத்தினி கப்பக்காரன் வந்தான். ஒவ்வொருத்தன்கிட்டயும் எங்கக்கா பாக்கியத்தத் தெரியுமான்னு கேட்டேன். சிரிச்சிகினே போய்ட்டானுங்க."

நான் எண்ணூரில் கேட்டதும் அதே கேள்விதான். நான்கு நாளாக ஊரே இந்தக் கடைக்குப் போ போ என்றது. நான்தான் சிங்கப்பூர்த் தீனி வேண்டாம் என்று சுற்றிச் சுற்றிப் போனேன்.

செய்த காரியத்துக்கு ஏதாவது பண்ண வேண்டும். கும்பலைப் பார்த்துத் திரும்பினேன். "நான் சொன்னது தப்பு. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வருகிற மீ இதுதான். இதே ருசி," என்றேன் சத்தமாக. ஆளாளுக்கு இலையை நீட்டினார்கள். வியாபாரம் மறுபடி ஓடியது. சித்தி பிரட்டிப் பிரட்டிப் போட்டாள்.

கல் ஆறிய பிறகு வண்டிப் பலகையில் என்னைக் குந்த வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா எப்படி இருக்கிறாள், தலை நரைத்ததா, அப்பா எப்போது போனார், எல்லாம் கேட்டாள். அப்பா விஷயம் கேட்டு ரொம்ப நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். பிறகு சட்டென்று கேட்டாள்.

"அப்போ சொன்னது பொய்யிதானே?"

"எது?"

"இதே ருசின்னியே. மொதல்ல துப்பற மாதிரி மூஞ்சி வெச்சிருந்த. ஒங்கம்மா மாதிரியேடா, பொய் சொன்னா காது செவக்குது. மெய்யச் சொல்லு. அது வேற மாதிரி இருக்குமா?"

நான் சொல்லிவிட்டேன். அது வேறு மாதிரி இருக்கும். அம்மா அதைத் தின்றதே கிடையாது. வாசனையைப் பிடித்து, ஏறுகிற கூடையைப் பார்த்து, தானாக ஒரு ருசி பண்ணிக்கொண்டு எழுதியிருக்கிறாள்.

அழுவாள் என்று நினைத்தேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வழிந்தது.

"அடிப்பாவி. துன்னாமலே எயுதினாளா? அது எயுதுனத வெச்சி நானும் துன்னாமலே சுட்டேனேடா. இத்தினி வருசமா ராயபுரம் பூரா துன்னுதே!"

பிறகு மறுபடி அடுப்பை மூட்டினாள். ஒரே ஓர் ஆளுக்கு மாவு பிழிந்தாள். "கப்பல்ல இது தாங்காது. அவளுக்கும் சேத்து நீயே துன்னு," என்று இலையை என் மடியில் வைத்தாள். துளி விடாமல் தின்றேன். அதற்கு ஈடு சொல்ல எந்த ஊர்த் தீனியும் எனக்கு அகப்படவில்லை. இது ஒரு பெரிய அதிசயம். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

என்னோடு வந்துவிடு என்றேன். இப்போதெல்லாம் சிங்கப்பூருக்குள் விடக் கேட்கிற காகிதங்களைப் பற்றி எனக்குத் தெரியும், ஆனாலும் சொன்னேன். அவள் கல்லைத் துடைத்துக்கொண்டே, "கட கீதேடா," என்றாள். ஹார்பருக்காவது வா என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை.

"ஒரு தபா கப்பல அனுப்பி வெச்சிட்டு நின்னேன். போதும்."

மறுநாள் காதர்தான் வந்தார். புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தார். "எங்க ஊரு ஒன் செருப்ப வெச்சிகினு கீதுன்னு கெட்ட பேரு வேணாம் மாமு," என்றார். கப்பல் நகர்ந்ததும் கரையில் எல்லாரும் ஒரே நிறமாகிவிட்டார்கள். கடைசிவரை கேட்டது ஒரு கூலிக்காரர் யாரையோ கஸ்மாலம் என்று திட்டிய குரல்.

வீடு வந்து சேர்ந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். இருக்கிறாள் என்பதை முதலில் சொன்னேன். மீதியைச் சொல்லி முடிக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. கடிதத்தில் எழுதிய பொய்யைப் பற்றிச் சொன்னபோது அம்மாவுக்குக் காது சிவந்தது. "நல்லா கீறேன்னு எயுதாம வேற இன்னாத்த எயுத? சின்னப் பொண்ணு, வெசனப்படும்," என்றாள்.

கீழே தெருவில் டொக் டொக் கேட்டது.

அம்மா எழுந்தாள். சமையலறையில் வெங்காயம் வைத்திருந்த கூடையைக் கவிழ்த்தாள். துணி காயப் போடும் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். "பன்னி வேணாம்னு சொல்லு. முட்டயும் எறாவும் மட்டும்," என்று என்னைக் கூவச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே கூடையை இறக்கினாள். பக்கத்து ஜன்னல் சீனத்து அம்மாள் எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். கயிறு ஒரு தரம் சுவரில் மாட்டிக்கொண்டது. அம்மா உதறி எடுத்தாள். ஆவியோடு கிண்ணம் மேலே வந்தது.

ஜன்னலோரம் குந்தினாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். மெதுவாக மென்றாள். இருட்டில் கடல் இருக்கிற திக்கைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"நல்லாத்தான் கீது," என்றாள். "ஆனா நான் எயுதுனது இது இல்லடா."